ஒற்றைக் கியரும் மலையேற்றமும்: தூர் த பிரான்ஸில் ஒரு தடையின் வரலாறு

தூர் த பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது 1903-இல். ஓடும்போதே சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் சங்கிலிமாற்றியைத் தொழில்முறை வீரர்கள் அதில் பொருத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது 1937-இல். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் பைரனீஸ், ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்தது ஏறும்போது மாற்ற முடியாத ஒரே கியரில். அக்கருவி அப்போது இல்லாமலில்லை, இருந்தும் விலக்கப்பட்டது. இதை ஆன்றி தெக்ராஞ் என்ற பந்தய அமைப்பாளரின் பிடிவாதமாக மட்டும் சொல்லி முடிப்பது வழக்கம். அது பாதி விளக்கமே.

விலக்கின் கடுமை கணக்கில் விளங்கும். மிதி ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதே பிரெஞ்சுக்காரரின் அளவு. (ஆங்கிலேயர் பழைய உயர்சக்கர வண்டியின் முன்சக்கர விட்டத்துக்கு ஈடாக அங்குலத்தில் அளந்தனர், வண்டி மறைந்தும் அளவு மறையவில்லை.) சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர், முன்பல் 44, பின்பல் 18 எனக் கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.1 மீட்டர். பின்பல் 22 ஆனால் 4.2 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வீரனின் கால் முதல் கியரில் நிமிடத்துக்கு 33 சுற்றும், இரண்டாவதில் 40 சுற்றும் சுற்றும். ஏழு சுற்று அற்பமாகத் தோன்றலாம். மணிக்கணக்கில் நீளும் ஏற்றத்தில் முழங்கால் தாங்குமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சமவெளிக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: அதே 22 பல்லோடு மணிக்கு 35 கிலோமீட்டர் செல்ல நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 சுற்று வேண்டும். இன்று விரும்பியே ஒற்றைக் கியர் வண்டியில் மலையேறுவோரும் இதே இக்கட்டில்தான் கணக்குப் போடுகின்றனர். 26 அங்குலச் சக்கரத்துக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தொடங்கி, சக்கரம் பெரிதாகவோ மலை செங்குத்தாகவோ ஆக, பின்பல்லைக் கூட்டுகின்றனர்.

இந்த இக்கட்டு தேவையற்றது என்று வாதிட்டவர் சென்-எத்தியென் நகரின் பால் த விவீ. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் ‘லெ சிக்லீஸ்ட்’ இதழை நடத்தியவர். நகரின் தெற்கே எழும் 1,161 மீட்டர் உயரக் கணவாயே அவருடைய ஆய்வுக்கூடம். 1902-இல் பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் தூர்மாலே கணவாயில் மிதிவண்டிகளுக்கு ஒரு சோதனைப் போட்டி நடத்தியது. பல கியர் வண்டிகளின் மேன்மையை அது காட்டியதாக அவற்றின் ஆதரவாளர்கள் கொண்டாடினர். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே இக்கருவி பொருந்தும் என்று தெக்ராஞ் ‘லெக்கீப்’ நாளிதழில் ஏளனம் செய்ததாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ‘லெக்கீப்’ பிறந்தது 1946-இல். 1902-இல் அவர் நடத்தியது ‘லோத்தோ-வெலோ’. மேற்கோளை எடுத்தாளும் மாணவர் இதையேனும் திருத்திக்கொள்ளலாம்.

1910-இல் பந்தயம் உயர் பைரனீஸுக்குள் நுழைந்தது. லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். வழியில் 2,115 மீட்டர் உயரத் தூர்மாலே. அன்று வென்ற ஒக்தாவ் லாபிஸ் அமைப்பாளர்களைக் கொலைகாரர் என்று வைதது புகழ்பெற்ற நிகழ்ச்சி. அக்காலத்தில் வீரர்களுக்கு எஞ்சியிருந்த உபாயம், பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்லெண்ணிக்கையுள்ள பற்சக்கரங்களைப் பொருத்துவது. அடிவாரத்தில் இறங்கி, திருகைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். உச்சியில் மீண்டும் அதே வேலை. எங்கே இறங்குவது என்பதே போர்த்தந்திரமாயிற்று. சீக்கிரம் இறங்கியவன் கூட்டத்தை இழந்தான்; தாமதித்தவன் கால்வலுவை இழந்தான். கருவியை நீக்கி உடலை மட்டும் சோதிப்பதாகச் சொன்ன விதி, நடைமுறையில் விரலின் விரைவையும் கணிப்பையும் சோதித்தது.

அப்படியானால் அது ஏன் இத்தனை காலம் நிலைத்தது? மிதிவண்டித் தயாரிப்பாளர்களோடு தெக்ராஞ் நடத்திய நீண்ட இழுபறியை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வீரர்களுக்கு ஊதியம் அளித்தவை அந்நிறுவனங்கள். வெற்றியை விளம்பரமாக்கியவையும் அவையே. தங்கள் அணிக்குள்ளேயே வெற்றியாளரை முடிவுசெய்யும் அவற்றின் வல்லமையை முறிக்க, 1930-இல் அவர் தேசிய அணிகளைப் புகுத்தினார். தயாரிப்பாளர் பெயரற்ற மஞ்சள் வண்டிகளை அமைப்பாளர் தரப்பிலிருந்தே வழங்கினார். கருவியில் ஏற்றத்தாழ்வு கூடாது என்ற கொள்கைக்கு ஒற்றைக் கியர் பொருத்தமான துணை. தசைவலுவை வழிபட்ட கருத்தியலும் பந்தயம் யார் பிடியில் என்ற வணிகப் போட்டியும் ஒரே விதிக்குள் குடியிருந்தன. சமத்துவம் என்ற சொல்லை அவரே பயன்படுத்தினாலும், அதன் விலையைச் செலுத்தியவை வீரர்களின் முழங்கால்கள்.

வெலோசியோ 1930-இல் மறைந்தார். 1936-இல் உடல்நலம் குன்றித் தெக்ராஞ் பொறுப்பிலிருந்து விலக, ஜாக் கொதே அவ்விடத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே தடை நீங்கியது. சங்கிலிமாற்றியோடு ஓடி 1937-இல் வென்றவர் ரோஜே லாபெபி. அவருக்கு அப்போது வயது இருபத்தாறு.