நீர்க்கரையிற் கண்ட வேல்

திருக்குற்றால மலையில் ஐந்து கிளையாய்ப் பிரிந்து வீழும் ஐந்தருவியின் நீர் சிற்றாற்றிற் கலந்து, தென்காசியைத் தழுவிக் கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியை அடைகின்றது. இருநீரும் ஒன்றாகித் திருவைகுண்டம் நோக்கிச் செல்லும் வழியில், தென்கரையில் பரந்து கிடக்கும் மேடு ஒன்று உண்டு. அதுவே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. அங்கே 1876-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு யாகோர் என்பாரும், 1899 முதற் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பாரும் நிலத்தை அகழ்ந்தனர். முதுமக்கள் தாழிகளும், நெற்றியில் அணியும் பொற்பட்டங்களும், வெண்கலத்தில் வார்த்த சேவல் உருவங்களும், இரும்பு வேல்களும் வெளிப்பட்டன.

வேலும் சேவலும் ஓரிடத்தே கிடைத்தமையால், இவை முருக வழிபாட்டின் தொன்மைச் சின்னங்கள் ஆகலாம் என அறிஞர் சிலர் கருதினர். இலஞ்சிக் குமாரனையும் பண்பொழித் திருமலை முருகனையும் தொழுது பழகிய அன்பர்க்கு இக்கருத்து இனிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இறந்தாரோடு புதைக்கப்பட்ட வேல் தெய்வத்தின் திருக்கை வேலோ, போர்மறவன் ஒருவனின் படைக்கலமோ என்பதை அவ்வேல் தானே எடுத்துரைக்க இயலாது. அதில் எழுத்தில்லை. எனவே கருத்து கருத்தாகவே நிற்கின்றது.

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே திருச்செந்தூர். அங்கு நிகழ்ந்தது வேறு வகை. ஒல்லாந்தர் திருக்கோயிலைக் கைப்பற்றியிருந்து, 1648-ஆம் ஆண்டில் நீங்கும்போது சண்முகர் திருமேனியைக் கவர்ந்து சென்றனர் என்பதும், நடுக்கடலிற் புயலுக்கு அஞ்சி அதனை நீரில் விட்டனர் என்பதும் அத்தலத்தார் வழிவழியாகக் கூறும் செய்தி. நெல்லைச் சீமையில் நாயக்கரின் அதிகாரியாக விளங்கிய வடமலையப்பப் பிள்ளையின் கனவில் இறைவன் தோன்றி, எலுமிச்சங்கனி மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் நீரில் தேடுமாறு பணித்தருளினான். அவ்வாறே தேடப்பெற்ற திருமேனி 1653-இல் மீண்டும் எழுந்தருளியது. கரைக்கு வந்த திருமேனி யாருடையது என்று அங்கு எவரும் வினவ வேண்டியிருக்கவில்லை. ஐந்தாண்டு பிரிந்த தாயைப் பிள்ளைகள் அறியாதிருப்பரோ?

ஆனால் ஊரும் பெயரும் வழிபாடும் அனைத்தும் மறைந்து, ஆயிரம் ஆண்டுக்குப் பின் நீர் ஒரு பொருளை வெளிக்காட்டுமாயின், அதனை இன்னதென்று உணர்வது எங்ஙனம்? இவ்வினா எழுந்த இடம் தொண்டை நாட்டுக் கடற்கரையிலுள்ள சாளுவன்குப்பம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது இச்சிற்றூர். யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகையும், அதிரணசண்டன் குடைவித்த மண்டபமும் அங்குள்ளன. அவற்றைக் காணப் பலர் வருவதுண்டு; அருகே மணலில் ஆழ்ந்து கிடந்த பாறையை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோர மணலை வாரிக்கொண்டு போயிற்று. எண்ணற்ற உயிர்களைக் கொண்ட அக்கொடிய நாளின் பின், அலை உரித்த பாறையின் மேல் எழுத்துகள் தென்பட்டன.

தொல்லியற்றுறையினர் அவ்வெழுத்துகளைப் படித்தனர். தக்கோலப் போரில் வென்று தொண்டை நாட்டை ஆண்ட இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன், அதாவது தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் எனக் குறிக்கும் அரசன், அவன் காலத்துச் சாசனமும் அதில் இருந்தது. திருவிழிச்சில் என்னும் ஊரிலுள்ள சுப்பிரமணியர் கோயிலுக்கு விடப்பட்ட கொடையைப் பாறை பேசிற்று. திருவிழிச்சில் என்பது சாளுவன்குப்பத்தின் பழம்பெயர். சாசனம் உண்டு, கோயிலைக் காணோம்! இல்லாத கோயிலுக்கு எவரும் பொன் கொடார். எனவே கோயில் மணலுக்கு அடியில் இருத்தல் வேண்டும் எனத் துணிந்தனர்.

2004-ஆம் ஆண்டிலேயே ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் மீண்டும் அகழ்வு நடத்திய சத்தியமூர்த்தி அவர்களின் தலைமையில், 2005-ஆம் ஆண்டு சாளுவன்குப்பத்து மணல்மேடு அகழப்பட்டது. பொருநைக் கரையில் எழுத்தில்லா வேல்களைக் கண்ட கண்கள் இங்கே எழுத்தை வழிகாட்டியாகக் கொண்டு தோண்டின. முதலில் கருங்கற்பணி வெளிப்பட்டது. அது பல்லவர் காலத்தது. அதன் கீழே அடுக்கடுக்காய்ச் செங்கற்கட்டடம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் அளவே கொண்ட சிறு கருவறை. கோயிலோ வடக்கு நோக்கியது. கருவறையின் முன்னே நின்றது கல்லாற் செய்த வேல் ஒன்று.

கல்லில் வடித்த அவ்வுருவம் மட்டும் தனியே அலையொதுங்கிக் கிடைத்திருக்குமாயின், எல்லைக்கல் என்பார் ஒருவர். வீரன் ஒருவனின் நினைவுக்கல் என்பார் மற்றொருவர். ஆதிச்சநல்லூர் வேலுக்கு நேர்ந்த ஐயமே அதற்கும் நேர்ந்திருக்கும். சுப்பிரமணியர் கோயில் என்று பாறை முன்னரே சொல்லி வைத்தமையால், அது முருகவேளின் வேல் என்பதில் ஐயத்திற்கு இடமின்றிப் போயிற்று.

அங்கே கிடைத்த சுடுமண் பொருள்களுள், மகளிர் கைகோத்து ஆடும் உருவப்பலகை ஒன்றும் உண்டு. அது குரவைக் கூத்து என்று கொள்ளப்படுகிறது. சிலப்பதிகாரத்துக் குன்றக் குரவையில் மலைமகளிர் முருகனைப் பரவி ஆடுவதை அறிந்தோர்க்கு, குறிஞ்சித் தெய்வத்தின் ஆடல் நெய்தல் மணலிற் புதைந்திருந்தது வியப்பளிக்கும். குறவஞ்சி பிறந்த குற்றாலத்தார்க்கு அவ்வியப்பு ஒரு படி மேலாகவே இருக்கும்.

செங்கற்கட்டடம் சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. பூம்புகார், உறையூர், அரிக்கமேடு முதலிய இடங்களிற் கண்ட செங்கற்களோடு இவற்றின் அளவை ஒப்பிட்டு அவ்வாறு கூறினர். பிற்காலச் சிற்ப நூல் முறைக்கு அமைப்பு ஒவ்வாமையும் காரணமாகக் காட்டப்பெற்றது. கடற்கோளே முதற்கோயிலை அழித்தது என்றும், அதன்மேல் எழுந்த பல்லவர் கோயிலும் பின்னர் அவ்வாறே மறைந்தது என்றும் உரைத்தனர். செங்கல் தன் வயதைத் தானே சொல்லாதாகலின், காலக் கணக்கில் வேறுபாடு எழுதல் இயல்பே. கோயில் எவருடையது என்பதில் மட்டும் வேறுபாடு எழவில்லை.

கருங்கற்றூண்களிலும் சாசனங்கள் கிடைத்தன. தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன், கம்பவர்மன் ஆகிய பல்லவர் காலத்தனவும், முதலாம் இராசராச சோழன் காலத்ததும் அவற்றுள் அடங்கும். ஆயினும் மன்னர் பெயரினும் மனத்தைக் கவர்வது வசந்தனார் என்னும் அந்தண மாதின் பெயர். கோயிலில் விளக்கெரிக்க அவர் அளித்தது 16 கழஞ்சு பொன். கழஞ்சு ஐந்து கிராமுக்குச் சற்று மிகுதி எனக் கொண்டால், இக்கால நிறையில் எண்பது கிராமுக்கு மேல் ஆகும். இத்தகைய பொன்னை முதலாக வைத்து, அதன் பலிசையால் நாள்தோறும் எண்ணெய் வாங்கி விளக்கெரிப்பது அக்கால வழக்கம். முதல் அழியாது, விளக்கும் அவியாது என்பது ஏற்பாடு.

கடல் அவ்வேற்பாட்டை மதிக்கவில்லை. விளக்கு அவிந்தது, பொன் போயிற்று, ஊர்ப்பெயரும் மாறிற்று. வசந்தனார் போன்றோர் கொடையைக் குறித்த எழுத்துகள் மட்டும் எஞ்சின. அவையே மண்ணுக்குள் மறைந்த இறைவனின் திருப்பெயரைப் பின்னோர்க்கு அறிவித்தன.

திருப்பணி செய்வோர் இதனைக் கருதல் நன்று. பழந்தூணை மாற்றும்போதும், தளவரிசை இடும்போதும் எழுத்துள்ள கற்கள் உடைபடுவதுண்டு. சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டவையும் உண்டு. அண்மைக் காலத்தில், கல்லைத் தூய்மை செய்வதாக மணலைப் பீய்ச்சியடித்துப் பல கோயில்களில் எழுத்துகள் மழுங்கின. தூய்மையான கல் கிடைத்தது, செய்தி தொலைந்தது. கல்லை அசைக்குமுன் படியெடுத்து வைப்பதற்கு ஆகும் செலவு திருப்பணிச் செலவில் மிகச் சிறு கூறே.

தென்காசியில் 1446-ஆம் ஆண்டு விசுவநாதர் திருக்கோயிற் பணியைத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் இதனை நன்கு உணர்ந்தவன் போலும். தான் எழுப்பும் ஆலயத்துக்குப் பிற்காலத்தில் கேடு நேருமாயின், அதனைத் திருத்திப் புரப்போர் யாவராயினும் அவர்தம் திருவடியில் வீழ்ந்து பணிவதாகப் பாட்டாக்கிக் கல்லில் பொறிக்கச் செய்தான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாத திருப்பணியாளர்க்குச் செய்த அவ்வணக்கம் அத்திருக்கோயிலில் எழுத்தாய் நிற்கின்றது.