ரேனியஸ் ஐயரும் சால்ஸ்பரி சதுக்கமும்



வாலிபர் கூட்டத்தில் எந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்தாலும், கடைசியில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். "இரட்சிக்கப்பட்டோம் என்கிறோம். பிறகு ஏன் விசுவாசிகளுக்குள்ளேயே இத்தனை பாவம், இத்தனை சண்டை?" ரோமர் 7-ம் அதிகாரத்தைக் காட்டலாம். பாவமில்லை என்று சொல்கிறவன் தன்னையே ஏமாற்றுகிறான் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதியதைக் காட்டலாம். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்று லூத்தர் போதித்ததையும் சொல்லலாம். எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் சீக்கிரமாக முடிந்துவிடும் பதில்கள். பக்தியுள்ள இரண்டு தரப்பார் எப்படி ஒருவரையொருவர் காயப்படுத்துகிறார்கள் என்பதை நடந்த கதையில் பார்த்தால்தான் நமக்கு உறைக்கும். அப்படி ஒரு கதை நம்முடைய ஜனங்களிடத்திலேயே இருக்கிறது. அதில் பாதி இந்த லண்டனில் நடந்தது.

ஃபிளீட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் பிரைட்ஸ் ஆலயத்துக்குப் பக்கத்தில் சால்ஸ்பரி சதுக்கம் என்று ஒரு சின்ன இடம் உண்டு. 1799-ல் தொடங்கிய சர்ச் மிஷனெரி சொசைட்டியின் தலைமை அலுவலகம் 100 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கேதான் இருந்தது. நம் பெரியவர்கள் அதை சி.எம்.எஸ். என்பார்கள். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சங்கம் அது. ஆனால் ஆரம்பத்தில் இந்தியாவுக்குப் போக ஆங்கிலேயப் போதகர்கள் போதிய அளவில் முன்வரவில்லை. ஆகவே ஜெர்மனியிலிருந்து லூத்தரன் வாலிபர்களைச் சேர்த்து அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர்தான் சார்லஸ் தியாபிலஸ் எவால்டு ரேனியஸ். பிரஷ்யாவில் 1790-ல் பிறந்தவர். 1814-ல் தமிழகம் வந்தார். சில ஆண்டுகள் சென்னையில் ஊழியம் செய்துவிட்டு, 1820-ல் பாளையங்கோட்டைக்குப் போனார்.

அடுத்த 15 ஆண்டுகளில் அவர் செய்ததைப் படித்தால் ஒரு மனிதன் இவ்வளவு செய்ய முடியுமா என்று தோன்றும். கிராமம் கிராமமாகச் சபைகள் எழும்பின. 1835-ல் அவருடைய பராமரிப்பில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களையும் அதற்காகக் கற்றுக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்த கணக்கு அது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டபோது, அவர்கள் குடியிருக்க நிலம் வாங்குவதற்காக தர்ம சங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார். டோனாவூர் என்ற ஊர்ப்பெயர் அந்த நாட்களில் உதவிய டோனா பிரபு என்ற ஜெர்மானியருடைய பெயர்தான். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். தமிழ் இலக்கண நூலும் எழுதினார். உபதேசிகளைப் பயிற்றுவித்த பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவர் சொன்னபோது சிலர் மறுத்தார்கள். ஐயர் விட்டுக்கொடுக்கவில்லை. திருநெல்வேலியின் அப்போஸ்தலன் என்று அவரைச் சொல்வது மிகையல்ல.

சண்டை வந்தது யார் கையை வைத்து குருப்பட்டம் கொடுப்பது என்ற கேள்வியில்.

உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. இது ஒரு விஷயமா? அன்றைக்கு இது பெரிய விஷயம். தரங்கம்பாடி மிஷன் 1733-லேயே ஆரோன் என்ற தமிழரைப் போதகராக அபிஷேகம் பண்ணியிருந்தது. அங்கே பிஷப் யாரும் இல்லை. மிஷனெரிகளே கைகளை வைத்து ஜெபித்தார்கள். இப்படிப்பட்ட லூத்தரன் மிஷனெரிகளுக்கு லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கமே பல ஆண்டுகளாகப் பணம் அனுப்பிவந்தது. யாருக்கும் மனச்சாட்சி உறுத்தவில்லை. 1814-ல் கல்கத்தாவுக்கு முதல் ஆங்கிலிக்கன் பிஷப் வந்த பிறகு நிலைமை மாறியது. இனி சி.எம்.எஸ். உபதேசிகள் குருப்பட்டம் பெற வேண்டுமென்றால் பிஷப்பின் கையால், இங்கிலாந்து சபையின் ஒழுங்குப்படிதான் பெற வேண்டும் என்றார்கள். ரேனியஸ் ஐயருக்கு இது ஒப்பவில்லை. தாம் லூத்தரன் முறையில் அபிஷேகம் பெற்றவர், அதை அறிந்தே சங்கம் தம்மை அனுப்பியது, இப்போது தம் உபதேசிகளை மட்டும் வேறு முறைக்கு உட்படுத்துவது ஏன் என்பது அவர் வாதம்.

1834-ல், சென்னையில் இருந்த ஆங்கிலேய சாப்ளின் ஒருவர் இங்கிலாந்து சபையைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ஐயர் ஒரு விமர்சனம் எழுதினார். அதில் அந்தச் சபையின் ஒழுங்குகளையும் ஜெபப் புத்தகத்தில் இருந்த சில காரியங்களையும் குறைகூறி, அச்சிட்டும் வெளியிட்டார். சால்ஸ்பரி சதுக்கத்துக் கமிட்டியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்து சபையாரின் காணிக்கையில் ஊழியம் செய்பவர், அந்தச் சபையையே அச்சில் குறை சொல்கிறார். சங்கம் அவரை நீக்கியது.

இந்த இடத்தில் அந்தக் காலத்துத் தபாலையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிவர நாலைந்து மாதம் ஆகும். ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒரு வருஷம் போய்விடும். அந்த ஒரு வருஷமும் இரண்டு பக்கமும் மற்றவரைப் பற்றி மிக மோசமானதையே யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷத்தில் அதே வேலையைச் செய்துவிடுகிறோம்.

1835-ன் நடுவில் ஐயர் திருநெல்வேலியை விட்டுப் புறப்பட்டு ஆர்க்காட்டுப் பக்கம் போனார். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் வளர்த்த உபதேசிகள் பலர் திரும்பிவரும்படி அவரை வருந்தி அழைத்தார்கள். சில மாதங்களில் அவர் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். இப்போது ஒரே ஜில்லாவில், ஒரே ஜனங்களுக்கு நடுவில் இரண்டு மிஷன். ஒரு பக்கம் சி.எம்.எஸ். அனுப்பிய ஜார்ஜ் பெட்டிட் ஐயரும் அவரோடு இருந்தவர்களும். மறுபக்கம் ரேனியஸ் ஐயரும் அவரோடு நின்ற மற்ற ஐரோப்பிய மிஷனெரிகளும். உபதேசிகள் பிரிந்தார்கள். சபைகள் பிரிந்தன. குருப்பட்டம் என்றால் என்னவென்றே அறியாத கிராமத்துச் சனங்கள், நீ எந்த ஐயர் பக்கம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பத்து வருஷத்துக்கு முன் விக்கிரகங்களை விட்டுவந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பாடம் இது.

எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம். ஒழுங்கைப் பற்றி இரண்டு பக்கமும் வேறுபட்டது பாவம் அல்ல. ஐயர் சொன்னதில் நியாயம் இருந்தது, கமிட்டி சொன்னதிலும் இருந்தது. பாவம் அடுத்த படியில் நுழைந்தது. இந்த ஜனங்கள் என்னுடையவர்கள் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள். ஒரு பக்கத்துக்குத் தாங்கள் கொடுத்த பணம் ஆதாரம், மறுபக்கத்துக்குத் தான் சிந்திய வியர்வை ஆதாரம். ஐயர் போகாமலே இருந்து வழக்காடியிருக்கலாம், அல்லது போனவர் போனவராகவே இருந்திருக்கலாம். போய்த் திரும்பியதுதான் கிராமங்களை இரண்டாக்கியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வயதில் பெரியவர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அழைத்த ஆடுகளை மேய்ப்பன் எப்படி விடுவான் என்பார்கள். கொரிந்துவிலும் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்தபோது, அந்த இரண்டு பேர் மேலும் குற்றம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

1838 ஜூன் 5-ல் ரேனியஸ் ஐயர் காலமானார். வயது 47. அதன்பின் அவரோடு நின்ற மிஷனெரிகளில் சிலர் சி.எம்.எஸ்.ஸில் திரும்பச் சேர்ந்தார்கள். லெக்லர் ஐயர் லண்டன் மிஷனில் சேர்ந்து சேலம் பக்கம் ஊழியத்துக்குப் போனார். பிரிந்த சபைகளும் மெல்ல மெல்லத் திரும்பின. ஆனால் மேல்தோல் மூடிவிட்டது என்பதற்காக, வார்டில் நாங்கள் காயம் ஆறிவிட்டது என்று சார்ட்டில் எழுதுவதில்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து வர வேண்டும். திருநெல்வேலியில் காரணமாய் இருந்த கேள்வி அப்படியே உள்ளே கிடந்தது.

அதற்குள் வேறொரு காயமும் உண்டாயிற்று. இது ஒழுங்கைப் பற்றிய வேறுபாடு அல்ல, சந்தேகமில்லாத பாவம். தமிழுக்கு அவ்வளவு செய்த கால்டுவெல் ஐயர், 1849-ல் வெளிவந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றில், தாம் யார் நடுவில் ஊழியம் செய்தாரோ அந்த நாடார் ஜனங்களையே இழிவாக எழுதினார். இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்கள் படிப்பதற்காக எழுதியது. ஆனால் நம்மவர்களும் அதைப் படித்தார்கள். நாசரேத்தில் உபதேசியாராக இருந்து, மிஷனெரியோடு மோதி வேலையை இழந்த சட்டாம்பிள்ளை அவர்களில் ஒருவர். 1857-ல் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஐரோப்பியருடைய தயவு தேவையில்லாத ஒரு இந்து திருச்சபையைத் தொடங்கினார்கள். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். உபதேசத்தில் நாம் அவர்களோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் ஏன் வெளியே போனார்கள் என்று கேட்டால், உள்ளே இருந்தவர்தான் தலைகுனிய வேண்டும்.

பிஷப் கேள்விக்குத் திரும்புவோம். 1919 மே முதல் வாரத்தில் தரங்கம்பாடியில் ஒரு சிறிய கூட்டம் கூடியது. பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். சிலர் ஆங்கிலிக்கன் சபையார், சிலர் பிஷப் இல்லாத தென்னிந்திய ஐக்கிய சபையார். கூட்டத்தை முன்நின்று நடத்தியவர்களில் முக்கியமானவர், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆன அசரியா. எங்களைப் பிரித்த சண்டைகள் எங்கள் நாட்டில் பிறந்தவை அல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். சபைகள் ஒன்றாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. எங்கே சிக்கியது தெரியுமா? பிஷப் கைவைக்காத போதகரைப் போதகராக ஏற்பதா, மறுபடியும் அபிஷேகம் பண்ணுவதா என்ற அதே இடத்தில்.

அசரியா முடிவைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ல் மரித்தார். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பிஷப்புகள் உண்டு என்று தீர்மானமாயிற்று. பிஷப் இல்லாத சபைகளிலிருந்து வந்த போதகர்களுக்கு மறு அபிஷேகம் தேவையில்லை என்றும் தீர்மானமாயிற்று. சால்ஸ்பரி சதுக்கத்தாரும் ரேனியஸ் ஐயரும் கேட்டதில் ஆளுக்குப் பாதி. கிடைப்பதற்கு 112 வருஷம் ஆயிற்று.

அப்போதும் எல்லாரும் சேர்ந்துவிடவில்லை. ஆந்திராவில் நந்தியால் பக்கம் ஆங்கிலிக்கன் சபையாரில் ஒரு பகுதியினர் வெளியே நின்றுவிட்டார்கள். இங்கிலாந்திலும் பலர் இந்தப் புதிய சபையோடு முழு ஐக்கியம் வைக்கப் பல ஆண்டுகள் தயங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் மட்டும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயம் ஆயின. அங்கிருந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் சேரவில்லை. இன்றும் தனித்தனிதான். இந்த மூன்றிலிருந்தும், திருநெல்வேலியிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம் ஆராதனையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், பக்கத்துக் கோயிலுக்கு ஏன் போகவில்லை என்று அப்பம்மாவையும் ஆச்சியையும் அம்மம்மாவையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.