மாடியறைக்காரர்கள்

வீடற்றவர்களைப் பற்றிய ஆய்வுக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த வேலை எண்ணுவது மட்டும்தான். நள்ளிரவுக்குமேல் ஜார்ஜ்டவுன் தெருக்களில் நடந்து, கடை வாசல்களில் படுத்திருப்பவர்களைத் தாளில் குறித்துக்கொள்வேன். வயது, இனம், எத்தனை நாளாக இங்கே. மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரு பெரியவரிடம், "வீடு எங்கய்யா?" என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார்.

"இந்த மாடியிலதான் தம்பி இருந்தேன். ஹார்பர்ல வேல செஞ்ச காலத்துலேருந்து."

என் தாளில் அந்தப் பதிலை எழுதக் கட்டமில்லை. அதன்பிறகுதான் மாடிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ ஆளைக் கிளப்பவோ முடியாது. பினாங்கின் பழைய நகரில் இப்படிப்பட்ட கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கடைவீட்டை வாடகைக்கு எடுத்தவர் கீழே வியாபாரம் பார்ப்பார். மாடியைப் பலகையால் தடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். கூலி வேலை செய்தவர்கள் வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் வாழ முடிந்தது அதனால்தான்.

எல்லாம் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சொற்ப வாடகைக்கு யார் கூரை மாற்றுவார்கள்? மாடிகள் ஒழுகின. ஆனால் குடியிருப்பவர்களைக் கிளப்பி இடித்துக் கட்டுவது எளிதில்லை என்பதால் அந்த வரிசைவீடுகள் நின்றன.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். 2000 பிறந்ததும் வாடகை சந்தை விலைக்குப் போனது. பழைய குடித்தனக்காரர்கள் பலர் காலிசெய்தார்கள். அவர்களோடு உள்வாடகை அறைகளும் போயின.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. அந்தக் கடைவீடுகள் அதுவரை மிஞ்சியதற்கு வாடகைக் கட்டுப்பாடும் ஒரு காரணம். கட்டடத்துக்குப் பெருமை வந்தபோது அதில் குடியிருந்தவர்களில் பலர் அங்கே இல்லை.

"குடிச்சு அழிஞ்சவங்க, குடும்பத்த விட்டு வந்தவங்க, அவங்களுக்கு என்ன செய்ய முடியும்?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். அன்றும் குடித்தார்கள், சண்டைபோட்டு வெளியேறினார்கள். ஆனால் போய்ப் படுக்க விலை குறைந்த அறை ஒன்று ஊருக்குள் கிடைத்தது.

இன்று தெருவில் படுப்பவருக்கு இருப்பது 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் அவரை மூன்றாண்டுவரை நலக் காப்பகத்தில் வைக்கலாம். அது ஆளைப் பற்றிய சட்டம். அறையைப் பற்றியது அல்ல.

இப்போதும் இரவில் போய் எண்ணுகிறேன். தாளில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள், ஏன் கிளம்பினீர்கள்? இன்றைக்கு எத்தனை பொட்டலம் சோறு வேண்டும் என்பதைத் தலைக்கணக்கு சொல்லிவிடும். நாளைக்கு எத்தனை அறை வேண்டும் என்பதை இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் தெரிந்துகொள்ள முடியும்.