குருதியேற்றமும் குருதிச் சிறுதட்டுக்களும்

ஒருவர் குருதியை மற்றொருவர் உடலிற் செலுத்தி உயிர் காத்தல் இன்று எங்கும் நிகழ்வதொன்றாகும். ஆயினும், அவ்வாறு ஏற்றப்படுங் குருதி பெறுபவரது குருதிச் சிறுதட்டுக்களைப் பெருக்குமா, குறைக்குமா என்னும் வினாவுக்கு முழு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

1882ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிற்சோசெரோ இச்சிறு துணிக்கைகளை விளக்கி, காயமுற்ற குழாய்ச் சுவரில் முதலில் ஒட்டி அடைப்பன இவையே எனக் காட்டினார். 1901இல் லான்ட்ஸ்ரைனர் குருதி இனங்களைக் கண்டறிந்தமையால், குருதியேற்றம் அச்சங் குறைந்த மருத்துவமாதற்கு வழி பிறந்தது.

1910இல் பொஸ்டன் நகரில் டியூக் என்னும் இளமருத்துவர், ஓயாது குருதி ஒழுகிய இளைஞன் ஒருவனுக்குக் குருதியேற்றத்தின் பயனை ஆராய்ந்தார். சில ஆயிரமாயிருந்த சிறுதட்டுக்கள் இலட்சத்திற்கு மேல் உயர்ந்தன, ஒழுக்கும் நின்றது. சில நாட்களில் எண்ணிக்கை வீழ, ஒழுக்கு மீண்டது. ஒழுக்குக்கும் சிறுதட்டுக்கும் உள்ள தொடர்பு இதனால் ஐயமற விளங்கிற்று.

பின்னர் குருதியைக் குளிரிற் சேமிக்கும் வழக்கம் பரவிற்று. செங்கலங்கள் அங்குப் பல வாரம் நிலைத்தன. சிறுதட்டுக்களோ ஓரிரு நாளிற் பயனிழந்தன. ஆகவே, பெருங்காயமுற்றோர்க்குச் சேமித்த குருதியை மிகுதியாக ஏற்றியபோது, அவர்தம் சிறுதட்டுக்கள் ஒழுகிப்போக, அவையற்ற குருதியே உட்புகுந்தது, எஞ்சியவையும் ஐதாயின. 1955இல் அமெரிக்க மருத்துவரும், அதன்பின் வியட்நாம் போர்க்கள மருத்துவரும் இவ்வுண்மையைக் கண்டனர். அரிதாக, ஏற்றிய ஒரு வாரமளவில், பெறுபவரின் உடலில் எழும் பிறபொருளெதிரிகள் அவரது சொந்தச் சிறுதட்டுக்களையே அழித்தல் 1961இல் விளக்கப்பட்டது.

ஆகவே, விடை குருதியின் புதுமையையும் அளவையும் பொறுத்ததாயிற்று. 1969இல் மேர்பி, காட்னர் என்போர், சிறுதட்டுக்களுக்கு ஏற்றது குளிரன்று, 22 பாகை செல்சியசு அளவான அறை வெப்பமே எனக் காட்டினர். இன்று அவை தனியே பிரிக்கப்பட்டு, இடையறா அசைவுடன், சில நாட்களே பேணப்படுகின்றன.

நம் நாட்டில் டெங்குக் காய்ச்சற் காலத்தில், எண்ணிக்கை குறைந்ததென்று கேட்டவுடனே சிறுதட்டு ஏற்றுமாறு உறவினர் மன்றாடுவர். குருதியொழுக்கு இல்லாதவிடத்து, எண் குறைந்தமை ஒன்றே அதற்குக் காரணமாகாது என்பது மருத்துவர் துணிபு. எதனை, எவ்வளவு, எப்போது என்று வினவியே இத்துறை வளர்ந்தது. மாணவர் இவ்வரலாற்றிற் கற்கத்தக்கதும் அவ்வினவும் பழக்கமே.