அணைந்த கணப்பும் அடங்காத புகைபோக்கியும்

இங்கிலாந்தின் பழைய தெருக்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கூரையின் மேலும் வரிசையாக மண்குழாய்கள் நிற்கும். பெரும்பாலானவற்றில் இன்று புகை வருவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் அவற்றின் வழியே வேறொன்று போய்க்கொண்டே இருக்கிறது. காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று!

நமக்கு வெக்கை வெளியே போனால் சந்தோஷம் :) குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது பணம். சூடான காற்று மேலே ஏறும். அது போன இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். கணப்பின் முன் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். நெருப்பை அணைத்தாலும் இந்த இழுப்பு நிற்பதில்லை.

இதைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். ஆம், மின்னலுக்குப் பட்டம் விட்டவரேதான். 1758-ல் லண்டன் கிரேவன் தெருவில் தங்கியிருந்தபோது நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். கோடையில் நெருப்பே மூட்டாத புகைபோக்கியிலும் காற்று ஓடுகிறது, மாலை முதல் காலை வரை மேலே, பகலில் கீழே என்று அதில் சொல்கிறார். காரணம் எளிது. இரவில் செங்கல் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும், பகலில் குளிர்ந்திருக்கும். தன் அறைக் கணப்பில் இழுத்துத் தள்ளும் இரும்புத் தகடு ஒன்றையும் பொருத்தினார். புகை போக எவ்வளவு வழி வேண்டுமோ அவ்வளவு மட்டும் திறந்து வைக்கலாம்.

அடுத்து வந்தவர் கவுண்ட் ரம்ஃபோர்டு. அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் பட்டம் வாங்கி, லண்டனில் புகழ்பெற்ற விசித்திர மனிதர். 1796-ல் வெளியிட்ட கட்டுரையில், புகைபோக்கியின் தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்கச் சொன்னார். கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் வெப்பம் அறைக்குள் திரும்பும் என்றார். அது அப்படிப் பரவியது. 1800-ல் கில்ரே அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். ஜேன் ஆஸ்டின் நாவலில்கூட ரம்ஃபோர்டு கணப்பு வருகிறது.

'குறுக்குவதற்குப் பதில் முழுசாக அடைத்துவிட்டால் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றலாம். கணப்பு எரியாத நாட்களில் மக்கள் அதையும் செய்தார்கள், பலகை வைத்து மூடினார்கள். இதை எதிர்த்தவர் நர்சுகளின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளிக்கு முதல் தேவை சுத்தமான காற்று என்பது 1859-ல் வந்த அவருடைய புத்தகத்தின் முதல் பாடம். அவருக்குப் புகைபோக்கி ஒரு மூச்சுக்குழல். ஃபிராங்க்ளின் பக்கமும் நியாயம், இவர் பக்கமும் நியாயம். அதுதான் சிக்கல்.

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் 5 நாள் மூடியது. அப்போதைய கணக்கிலேயே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர் வடகடல் எரிவாயுவும் குழாய் வெந்நீர்ச் சூடேற்றமும் வர, நிலக்கரிக் கணப்புகள் அணைந்தன. துவாரம் மட்டும் நின்றுவிட்டது.

ஹார்ட்போர்டு வைத்து ஆணியடித்தார்கள், செங்கல் வைத்துப் பூசினார்கள். சில வருஷத்தில் சுவரில் பழுப்புக் கறை தெரிந்தது. மேலே திறந்திருந்ததால் மழை இறங்கியது. கீழே மூடியிருந்ததால் ஈரம் காயவில்லை. பழைய கரியின் உப்புகள் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டன. கறையைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. எரிவாயுக் கணப்பு இன்னும் அந்தக் குழாயை நம்பி எரிகிறது என்றால், அதை அடைப்பது அறையைக் கார்பன் மோனாக்சைடால் நிரப்புவதற்குச் சமம். வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

அதனால் இப்போதைய வழக்கம் ஒரு சமரசம்தான். உச்சியில் மழை விழாமல் காற்று மட்டும் போகும் மூடி. கீழே நிரந்தரமாகச் சுவர் வைத்தால் அதில் ஒரு சிறு காற்றுத் துளை. சுவர் வேண்டாம் என்றால் தொண்டையில் ஊதி நிறுத்தும் பலூன், அதுவும் இறுக்கமாக இல்லாமல். நெருப்பு மூட்டுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். சிலர் ஏரி மாவட்டத்து ஹெர்ட்விக் ஆட்டின் முரட்டுக் கம்பளியை அடைக்கிறார்கள். அது குளிர்காற்றைத் தடுக்கும், ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். உடை தைக்கச் சொரசொரப்பு என்று விலை போகாத கம்பளி அது.