சூலமங்கலம் சகோதரிகளும் ஒரு பழைய கவசமும்

ஐப்பசியில் கந்த சஷ்டி தொடங்கிவிட்டால் திருநெல்வேலி டவுணில் விடிவதற்கு முன்பே இரண்டு பெண் குரல்கள் கேட்க ஆரம்பித்துவிடும். குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகிறவர், திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அந்தக் குரல்களைத் தெரியும். பாடியது யார் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். சூலமங்கலம் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி என்ற அக்கா தங்கைதான் அவர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் சூலமங்கலம் அவர்களுடைய ஊர். பெண்கள் ஜோடியாகக் கச்சேரி செய்வது அபூர்வமாக இருந்த காலத்தில் மேடை ஏறியவர்கள். தங்கை 1992-லும் அக்கா 2017-லும் காலமானார்கள்.

அவர்கள் பாடிய கந்த சஷ்டி கவசம் அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. அது 19-ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் எழுதியது. ஆறுபடை வீட்டுக்கும் ஆறு கவசம் அவர் பெயரில் உண்டு. நாம் எல்லோரும் அறிந்தது திருச்செந்தூருக்கு உரியது. சென்னிமலையில்தான் அரங்கேறியது என்று கொங்கு நாட்டார் சொல்வார்கள், அந்த வழக்கு இங்கே வேண்டாம். கூடவே வந்த கந்த குரு கவசமும் சேலம் ஸ்கந்தாசிரமத்துச் சாந்தானந்த சுவாமிகள் எழுதியதுதான். ஆக, பிறர் எழுதியதைப் பாடித்தான் இவ்வளவு பெரிய பெயர்.

சரி, கவசம் அதற்கு முன்னால் ஏன் இப்படி முழுசாகத் தட்டில் வரவில்லை? பழைய 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான் இடம். கவசமோ இருநூறு அடிக்கு மேல், பாடி முடிக்க இருபது நிமிடம் ஆகும். வெட்டியும் போட முடியாது. தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக் காக்கும்படி கேட்கிற பாட்டில் எந்த உறுப்பை விடுவது? எல்.பி. தட்டு வந்த பிறகுதான் ஒரே பக்கத்தில் முழுக் கவசமும் அடங்கியது. அப்புறம் கேசட் வந்தது. கோயில், கடை, பஸ் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான கதையும் அவர்களுக்கு உண்டு. பூவை செங்குட்டுவன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் மெட்டமைத்து, சகோதரிகள் தனித்தட்டாகப் பாடியிருந்த ஒரு திருப்பரங்குன்றப் பாட்டை ஏ.பி.நாகராஜன் 1967-ல் 'கந்தன் கருணை'யில் சேர்த்துக்கொண்டார். சினிமாப் பாட்டைக் கோயிலில் பாடுவது வழக்கம், இங்கே பக்திப் பாட்டு சினிமாவுக்குப் போனது. படத்தில் ராஜலட்சுமியோடு பாடியவர் பி.சுசீலா. அக்காவின் குரல் அதில் இல்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

கவசத்துக்கு வந்தால், லாபத்தோடு ஒரு நஷ்டமும் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டே முழுவதையும் மனப்பாடம் செய்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தட்டு வருவதற்கு முன்னால் அவரவர் தமக்கு வந்த ராகத்தில், தமக்கு முடிந்த வேகத்தில் ஓதியிருப்பார்கள். அந்த மெட்டுகளை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. பின்னால் எத்தனையோ பேர் கவசத்தைப் பாடி வெளியிட்டிருக்கிறார்கள். இன்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் படிக்கிறவர்கூட, சகோதரிகள் மூச்சு விட்ட இடத்தில்தான் மூச்சு விடுகிறார்.