பெரிய நூல்களுக்கு ஒரு சட்டகம்: டெக், லேடெக் பிறந்த கதை



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். சிலர் பிஎச்.டி. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பாரும் பேச்சுவாக்கில் "லேடெக் டெம்ப்ளேட்" என்று சொல்வதுண்டு. அது என்னவென்று ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன். தினமும் அதைத் தொடுகிறவர்களுக்கே அதன் வரலாறு தெரிந்திருக்காது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். கதைப் புத்தகம் என்றால் வரிக்குப் பின் வரி, பக்கத்துக்குப் பின் பக்கம். அறுநூறு பக்கக் கணித நூல் அப்படி இல்லை. அதில் சமன்பாடு உண்டு, அட்டவணை உண்டு, படம் உண்டு, அடிக்குறிப்பு உண்டு. "படம் 12 காண்க", "பிரிவு 4.2 காண்க" என்ற குறிப்புகள் நூல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் புதிதாக ஒரு படத்தைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறும். பக்க எண் மாறும், பொருளடக்கம் மாறும். ஈய எழுத்துக் காலத்தில் இதையெல்லாம் மனிதக் கண்ணும் கையும்தான் பார்த்துக்கொண்டன. கணிதம் கோப்பது அச்சகத்திலேயே கடினமான வேலை, செலவும் அதிகம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத் கணினி நிரலாக்கம் பற்றிப் பல தொகுதிகளில் ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். முதல் தொகுதி 1968இல், இரண்டாவது 1969இல், மூன்றாவது 1973இல் வந்தன. மூன்றும் மோனோடைப் இயந்திரத்தில் ஈய எழுத்தில் கோத்தவை, அழகானவை. 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான புரூஃப் வந்தது. அதற்குள் ஈய முறை மறையத் தொடங்கி, ஒளி அச்சுக்கோப்பு வந்துவிட்டது. புரூஃபைப் பார்த்த குனூத்துக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தின் வடிவமும் இடைவெளியும் பழைய நேர்த்தியை இழந்திருந்தன. பல ஆண்டு உழைப்பை இந்தத் தோற்றத்தில் வெளியிடுவதா?

அவர் பதிப்பகத்தோடு சண்டைக்குப் போகவில்லை. எழுத்துகளைக் காகிதத்தில் எங்கே வைப்பது என்பதும் கணினி தீர்க்கக்கூடிய கணக்குதானே என்று நினைத்து, அந்த நிரலைத் தானே எழுத இறங்கினார். சில மாதங்களில் முடியும் என்பது அவர் எண்ணம். முழுதாக முடியப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

அந்தக் கோடையில் குனூத் சீனாவுக்குப் பயணம் போனார். திட்டக் குறிப்புகளைத் தன் மாணவர்கள் இருவரிடம் விட்டுச் சென்றார்: மைக்கேல் பிளாஸ், பிராங்க் லியாங். அவர் திரும்புவதற்குள் அவர்கள் முதல் மாதிரியைச் செய்து வைத்திருந்தார்கள். பின்னாளில் பிளாஸ், பத்தியை வரிகளாகப் பிரிக்கும் முறையைக் குனூத்தோடு சேர்ந்து வகுத்தார். லியாங், நீண்ட சொல்லை வரி ஓரத்தில் எங்கே உடைப்பது என்பதற்கு வழி கண்டார். ஓர் ஆசிரியராக எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நிரலுக்கு டெக் என்று பெயர் வைத்தார்கள். கலை, கைத்திறன் இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு நடுவே நீளவும் சுருங்கவும் கூடிய பசை. பழைய நிரல்கள் ஒரு வரி நிறைந்ததும் அதை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். டெக், பத்தி முழுவதையும் பார்த்த பிறகே எந்த வரியை எங்கே முறிப்பது என்று முடிவு செய்யும். 1981இல் குனூத்தின் இரண்டாம் தொகுதி டெக்கில் அமைத்த பக்கங்களோடு வெளிவந்தது.

ஆனால் டெக்கிடம் எல்லாவற்றையும் நாமேதான் சொல்ல வேண்டும்: இவ்வளவு இடம் விடு, இந்த எழுத்தைத் தடிமனாக்கு, இங்கே நடுவில் வை. இருநூறு தலைப்பு உள்ள நூலில் இதை இருநூறு முறை சொல்ல நேர்ந்தால் ஓரிடத்தில் மறக்கும், ஓரிடத்தில் தவறும்.

இதற்குத் தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆவணத்தில் 'இது எப்படித் தெரிய வேண்டும்' என்று குறிக்காமல் 'இது என்ன' என்று மட்டும் குறிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அது. ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் 1969இல் இந்த வழியில் ஒரு குறியீட்டு மொழி செய்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரயன் ரீட் உருவாக்கிய 'ஸ்கிரைப்' 1980இல் அதை நடைமுறையில் தெளிவாகக் காட்டியது.

நமக்கு இது புதிதல்ல. ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதியவர்களுக்குத் தெரியும். நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று தலைப்புகள் நிலையாக இருக்கும். பாடம் மாறும், தலைப்பு மாறாது. யார் எழுதிய குறிப்பை யார் புரட்டினாலும் தேடுவது தேடிய இடத்தில் கிடைக்கும். டெம்ப்ளேட் என்பது அவ்வளவுதான்.

1980களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் தான் எழுத நினைத்த ஒரு நூலுக்காக டெக்கின் மேல் சில கட்டளைத் தொகுப்புகளை அமைத்தார். ஸ்கிரைப்பின் எண்ணத்தை அதில் கொண்டுவந்தார். அதுவே லேடெக். ஒரு பதிப்பாசிரியரின் தூண்டுதலால் அதற்கு அவர் எழுதிய கையேடு 1986இல் வந்தது. அதில் நான்கு அடிப்படைச் சட்டகங்கள் இருந்தன: கட்டுரை, அறிக்கை, நூல், கடிதம். எழுதுகிறவர் 'இது அத்தியாயம்', 'இது பிரிவு', 'இது அடிக்குறிப்பு' என்று மட்டும் சொன்னால் போதும். எழுத்தின் அளவு, இடைவெளி, எண் எல்லாவற்றையும் சட்டகம் பார்த்துக்கொள்ளும்.

பெரிய நூலுக்கு இதனால் என்ன நன்மை? அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வரிசையாக அழைக்க ஒரு தலைமைக் கோப்பு. ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தும்போது அதை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், மற்றவற்றின் பக்க எண்கள் அப்படியே நினைவில் இருக்கும். படத்துக்கு எண் போடாமல் ஒரு பெயர் மட்டும் வைக்கலாம். முதல் ஓட்டத்தில் நிரல் எண்களைச் சேகரிக்கும், இரண்டாம் ஓட்டத்தில் உரிய இடங்களில் நிரப்பும். லேடெக்கை ஏன் இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கிறது என்று புலம்பும் பிள்ளைகளே, காரணம் இதுதான்.

நல்ல சட்டகத்துக்கும் கேடு வரும். ஆளாளுக்கு லேடெக்கில் கைவைக்க, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல வகைகள் கிளம்பின. ஓர் ஊரில் ஓடும் கோப்பு இன்னோர் ஊரில் ஓடவில்லை. 1989இல் ஃபிராங்க் மிட்டல்பாக் தலைமையிலான தன்னார்வலர் குழு பொறுப்பை ஏற்று, 1994இல் ஒன்றிணைந்த பதிப்பை வெளியிட்டது. அதில் ஓர் ஒழுங்கு வந்தது: ஆவணத்தின் அடிப்படை அமைப்பு 'கிளாஸ்' என்று தனி, மேலே சேர்க்கும் வசதிகள் 'பேக்கேஜ்' என்று தனி. உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆய்விதழுக்கு ஒரு கிளாஸ் கோப்பு இருக்கிறதே, அது அந்த ஏற்பாட்டின் வழி வந்ததுதான்.

குனூத் வேறு பாதை எடுத்தார். 1990இல் டெக் இனி வளராது, பிழை மட்டும் திருத்தப்படும் என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பு எண் 'பை' மதிப்பை நெருங்கும். இப்போது 3.141592653. நிரலில் பிழை கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசுக் காசோலையும் அனுப்பினார். தன் காலத்துக்குப் பிறகு எண்ணைப் பை என்றே வைத்துவிட்டு யாரும் தொடக்கூடாது என்பது அவர் ஏற்பாடு. இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அவருடைய பெரிய நூலின் நான்காம் தொகுதியில் முதல் பகுதி 2011இல்தான் நூலாக வந்தது.

நம் பக்கமும் பார்ப்போம். 1990களில் கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பல, குறிப்பிட்ட ஓர் எழுத்துருவை நம்பி இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். திரையில் அகரம் போலத் தெரிந்தாலும், கோப்புக்குள் அகரம் என்ற அடையாளம் இல்லை. பள்ளி மலர்கள், கவிதைத் தொகுப்புகள், சிறு பத்திரிகைகள் என்று எத்தனையோ இப்படி முடங்கின. யூனிகோட் பரவிய பிறகுதான், தோற்றம் எதுவானாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கத் தொடங்கியது. ஆவணத்துக்கும் அதே நியாயம்தான். 'இது என்ன' என்று பதிந்தது நிற்கும். 'எப்படித் தெரிய வேண்டும்' என்று மட்டும் பதிந்தது கருவியோடு போகும்.

ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்கு மூன்றே சொற்கள்:

1. வேர்டில் எழுதினாலும் தலைப்பைக் கையால் தடிமனாக்காதீர்கள். அதிலுள்ள 'ஸ்டைல்' பகுதியில் தலைப்பு என்று குறியுங்கள். பொருளடக்கம் தானாக வரும்.

2. படத்துக்கும் அட்டவணைக்கும் எண்ணைக் கையால் போடாதீர்கள்.

3. டெம்ப்ளேட்டை முதல் நாளே தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழகம் கொடுத்திருந்தால் அதையே வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

அச்சுத் துறையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்